டிக்கியில் ஒரு சாட்சி

"அது ஒண்ணுமில்லங்க," என்றாள் காதம்மா.

டொக்.

"ஒண்ணுமில்லாததா இப்படிக் கத்துது?" என்றார் பக்கத்து சீட்டிலிருந்த புருஷன்.

"ரோடு மோசம்."

"ரோடு மோசம்னா குலுங்கணும். இது முதுகுக்குப் பின்னாடி யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரியில்ல இருக்கு?"

சிக்னலில் பச்சை விழுந்தது. காதம்மா முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினாள். டொக். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு. டொக். ஒவ்வொரு தடவையும் வண்டி ஒருமுறை தோளைக் குலுக்கிவிட்டு ஓடியது.

காதம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் பிரிவு அவளுடையது. இருபத்தாறு வருடமாக அதே கண்ணாடி அறை, அதே மேசை. ஒவ்வொரு ஒலியையும் வைப்பதற்கு முன்னால் பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் ஒரு தட்டு தட்டுவாள். அடுத்தது வருது, கவனம் என்று அர்த்தம். உள்ளே ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பவரிடம், "கேட்டா கண்ணாடியில தட்டுங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. என்னைச் சந்தோஷப்படுத்துறதுக்காகத் தட்டாதீங்க," என்பாள். அழுத்துவதற்கென்று முன்பு ஒரு பொத்தான் இருந்தது. அது கெட்டுப்போய் எட்டு வருடமாகிறது, நிர்வாகம் இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்டவளுக்குச் சொந்த வண்டியின் சத்தம் கேட்காமலா இருக்கும்? கேட்டது. மூன்று வாரமாகவே கேட்டது. ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

வண்டிக்கு வயது இருபத்துநாலு. சிவப்பு நிறம், இரண்டே கதவு, நீண்ட மூக்கு, அதற்குள் ஆறு சிலிண்டர். வேகமாகப் போவதற்கென்றே செய்த வண்டி. இருபத்தெட்டு வயதில், சொந்தச் சம்பாத்தியத்தில் அவள் அதை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, "பொம்பளைக்கு எதுக்கு இந்த மாதிரி வண்டி?" என்று கேட்காத வாயில்லை. கேட்டவர்களை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். இறங்கியவர்கள் யாரும் மறுபடி எதையும் கேட்கும் நிலையில் இல்லை.

சண்டை வந்தது சத்தத்தால்கூட இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது புருஷன் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது.

"பாரு, வயசாயிடுச்சுன்னா ஒதுங்கிக்கணும். அது வண்டியா இருந்தாலும் சரி..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார்.

"ஆளா இருந்தாலும் சரி. அதானே? சொல்லுங்க, ஏன் முழுங்குறீங்க?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்ல வந்தீங்க."

போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் அவள் மேசைமேல், யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி, ஒரு விருப்ப ஓய்வுப் படிவத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை அவள் டீ டம்ளருக்கு அடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஐம்பத்திரண்டு ஒரு வயதா? இப்போது வீட்டிலும் அதே பாட்டு என்றால் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் எரியாதா?

"வண்டியும் ஓடும், நானும் ஓடுவேன். பிடிக்காதவங்க நடந்து போகலாம்," என்றாள்.

அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேசாமல் இருப்பதில் அவரை ஜெயிக்க முடியாது. அவர் நூலகர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே முப்பது வருடம் உட்கார்ந்தவர். ஆனால் இவளும் லேசுப்பட்டவள் இல்லை. திங்கட்கிழமை காலையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நூலக அட்டை ஒட்டியிருந்தது. மணிமணியான கையெழுத்து.

"ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு பல் டாக்டர் வண்டியைப் பார்க்க வருகிறார். பழைய வண்டிகள் சேர்ப்பவர். சத்தத்தோடு எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்கிறார்."

கீழே அவள் எழுதினாள்: "விற்க மாட்டேன்."

மதியம் இன்னொரு அட்டை. "சத்தம்?"

காதம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நின்ற நிலையிலேயே எழுதினாள். "ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறுத்திக் காட்டுகிறேன். நிற்காவிட்டால் சாவியை நானே டாக்டர் கையில் கொடுக்கிறேன். நின்றுவிட்டால் இந்தப் பேச்சை ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது. வண்டியைப் பற்றியும் எடுக்கக் கூடாது, வயசைப் பற்றியும் எடுக்கக் கூடாது."

"சம்மதம்," என்று ஒற்றை வார்த்தை வந்தது. கூடவே தேதி, கையொப்பம்.

செவ்வாய்க்கிழமை வண்டியை மெக்கானிக்கின் ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் புகுந்து, பத்து நிமிஷம் கழித்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மேடம், இப்படி வாங்க. அட்டைமேல படுங்க."

காதம்மா வெள்ளைக் கோட்டோடு அப்படியே படுத்து உள்ளே நகர்ந்தாள்.

"இன்ஜின் முன்னாடி இருக்கு, ஓடுற சக்கரம் பின்னாடி இருக்கு. நடுவுல இந்தக் கம்பிதான் சுத்தி சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகுது. டிரைவ் ஷாஃப்ட். ரெண்டும் சேர்ற இடத்துல இது ரப்பர் கப்ளிங். பாருங்க, எவ்வளவு பெரிய விரிசல்! நகமே உள்ள போகுது. கியர் மாத்துறப்போ கம்பி ஆட்டம் கண்டு அடிக்குது. அதான் உங்க டொக்."

"மாத்தினா நிக்குமா?"

"நிக்காம? நின்னுதான் ஆகணும்."

புதன்கிழமை புது ரப்பர் போட்டாயிற்று. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் நெரிசல், ஹாரன். இருந்தாலும் அவள் காதுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வந்த கையோடு ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டினாள்: "நின்றுவிட்டது."

பதில் உடனே வந்தது. "சாட்சி?"

"நீங்களே வந்து கேட்டுக்கொள்ளலாம்."

இந்தத் தடவை அட்டை நிறைய எழுதியிருந்தது. "உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் வருவது என்னால் முடியாது. சத்தம் வந்ததும் பின்பக்கமிருந்துதான். ஆகவே டிக்கியில் படுத்துக் கேட்கிறேன். கேட்டால் தெரியப்படுத்துகிறேன்."

சாயங்காலம் ஐந்தரைக்கு நூலகர் ஒரு தலையணையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒல்லியான உடம்பு. ஒரு வார்த்தை பேசாமல் டிக்கிக்குள் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, மூடலாம் என்று கையைக் காட்டினார். காதம்மாவும் ஒரு வார்த்தை பேசாமல் மூடினாள். எதிர்வீட்டுக்காரி மாடியில் நின்று இதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். யாருக்குப் போன் போட்டாளோ.

ஊருக்கு வெளியே கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நீளமான ரோடு உண்டு. சாயங்காலம் ஈ காக்கா இருக்காது. காதம்மா முதல் கியரில் வண்டியைக் கிளப்பினாள். டிக்கியில் இருப்பவர் தூங்கிவிட்டு அப்புறம் கதை விடக் கூடாது அல்லவா? பழக்கதோஷம், கியர் பெட்டியின் மேல் பேனாவால் ஒரு தட்டு தட்டி, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியருக்கு மாற்றினாள்.

டொக்.

ஒன்று, என்று எண்ணிக்கொண்டாள். மறுபடியும் ஒரு தட்டு, மூன்றாவது கியர். பின்னாலிருந்து சுத்தமாக, தெளிவாக, டொக். போய்த் திரும்பி வருவதற்குள் பதினொரு தடவை கேட்டது.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தாள். நூலகர் தலைமுடி கலைந்து இறங்கினார். முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஃப்ரிட்ஜில் அட்டை: "பதினொன்று."

எண்ணிக்கைகூட அச்சு அசலாகப் பொருந்தியது. அதுதான் அவளுக்கு எரிச்சலிலும் எரிச்சல்.

வியாழக்கிழமை காலையில் ஷெட்டில் போய் நின்றாள். "அண்ணே, நிக்கலை."

மெக்கானிக் சாவியை வாங்கிக்கொண்டு, தனியாக ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். "மேடம், ஒரு சத்தமும் இல்ல."

"இருக்கு."

"இல்ல மேடம். முப்பது வருஷமா இதே வேலைதான் பாக்குறேன்."

"அதேதான் நானும் யோசிக்கிறேன். முப்பது வருஷம் இந்தச் சுத்தியலுக்கு நடுவுல இருந்தா காது என்னத்துக்கு ஆகும்? கிளம்புங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

கிரீஸ் சட்டையோடு அந்த மனுஷனைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துவிட்டாள். தாழ்ந்த ஒலிகளுக்கெல்லாம் டாண் டாண் என்று தட்டினார். நடு ஒலிகளுக்கும் தட்டினார். உச்ச ஒலிகள் வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா? பாதி காது போயிருக்கு."

"மேடம், டொக்குங்கிறது தாழ்ந்த சத்தம். அது எனக்கு நல்லாவே கேக்கும்."

"இங்க வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க," என்று சொல்லிவிட்டு, சோதனைக்கு வைத்திருந்த இரண்டு காது மெஷின்களை எடுத்து இரண்டு பக்கமும் மாட்டிவிட்டாள்.

மெக்கானிக் எழுந்தார். இரண்டடி நடந்தார். நின்றார். "மேடம், உங்க ஃபேன்ல பேரிங் போயிருக்கு."

"அதை விடுங்க, வண்டியைப் பாருங்க."

"என் செருப்பு இப்படிக் கத்துமா? இவ்வளவு நாளா இதைப் போட்டுக்கிட்டா ஊரெல்லாம் சுத்தினேன்?"

அங்கேதான் சனி பிடித்தது. அதுவரை நிதானமாக இருந்த மனுஷனுக்கு வண்டியில் இருக்கிற நட்டு, போல்ட்டு எல்லாம் ஆளுக்கொரு ராகம் பாட ஆரம்பித்தன. கியர்பாக்ஸைத் தாங்குகிற ரப்பர் முனகுகிறது என்றார். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்தய வண்டிகளுக்குப் போடுகிற கெட்டியான ஒன்றைப் போட்டார்.

சாயங்காலம் கிடங்கு ரோட்டில் மறுபடியும் சோதனை. வண்டியைக் கிளப்பியதுமே காதம்மாவின் மூக்குக் கண்ணாடி நடுங்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த ஒரே ஒரு சைக்கிள்காரர் கண்ணாடியில் இரண்டு பேராகத் தெரிந்தார். மெத்தென்று இருந்த ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த நடுக்கமெல்லாம் இப்போது நேராக சீட்டுக்கு வந்தது. சரி, நடுக்கம் இருக்கட்டும், டொக் போயிருக்கிறதா என்று ஒரு தட்டு தட்டி கியரை மாற்றினாள்.

டொக்.

ஃப்ரிட்ஜில் அட்டை: "பதினான்கு. இனாமாக நடுக்கமும்."

இவளும் பதினான்குதான் எண்ணியிருந்தாள். அவர் காது இவ்வளவு துல்லியமா என்று ஒரு நிமிஷம் ஆச்சரியமாகக்கூட இருந்தது. இருபத்திரண்டு வருடமாக, "கேஸை அணைங்க" என்று அடுக்களையிலிருந்து கத்தினால் மட்டும் ஏன் கேட்பதில்லை?

வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குப் போனால் வண்டி பாதி தரையில் கிடந்தது. மெக்கானிக் பின் அச்சிலிருக்கிற டிஃபரென்ஷியலைத் திறந்து, அதற்குள்ளிருந்த பல்சக்கரங்களை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"இதுதான் மேடம். இந்தப் பல்சக்கரம்தான் குசுகுசுன்னு பேசுது."

"முன் சீட்டு எங்க?"

"ஷாஃப்டை வெளிய எடுக்கணும்னா தரையைத் திறக்கணும், தரையைத் திறக்கணும்னா சீட்டைக் கழட்டணும். கழட்டுறப்போ போல்ட்டு மரை தேஞ்சுபோச்சு. திங்கக்கிழமைதான் புதுசு வரும். ஒரு சீட்டு இல்லைன்னா என்ன, ஓட்டுறது நீங்கதானே?"

மதியத்துக்குள் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டார். சாயங்காலம் நூலகர் தலையணையோடு வந்தார். இன்றைக்கு இரண்டு தலையணை. முழங்கையில் பிளாஸ்திரி.

அன்றைக்கு ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. அறுபதைத் தாண்டியதும் வண்டி உதறத் தொடங்கியது. எண்பதில் காதம்மாவின் கன்னம் இரண்டும் தனித்தனியாக ஆடின. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள், கடிக்காவிட்டால் பல்லே தந்தி அடிக்கும். ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை. "ஆடு, நல்லா ஆடு. யார் அசையறாங்கன்னு பாத்துடலாம்," என்று ஸ்டீயரிங்கிடம் சொன்னாள். தட்டினாள், மாற்றினாள். டொக்.

அட்டையில் இந்தத் தடவை எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "பத்தொன்பது. இதற்குமேல் எண்ணியிருப்பேன், எண்கள் மறந்துவிட்டன."

காதம்மா அந்த அட்டையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டாள். அடுத்த அறையில் அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொள்கிற வாசனை வந்தது. போய்த் தேய்த்துவிடலாமா என்று கை பரபரத்தது. போகவில்லை. முதலில் அவர் பேசட்டும் என்று இவளும், முதலில் இவள் பேசட்டும் என்று அவரும், ஆளுக்கொரு அறையில் விளக்கை அணைத்தார்கள்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் காது மெஷின் இரண்டையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், கோச்சுக்காதீங்க. இந்தச் சனியனை மாட்டினதுலேருந்து என்னால யோசிக்கவே முடியல. ராத்திரி என் பொண்டாட்டி மூச்சு விடுறதைக்கூட பழுதுன்னு நினைச்சு எழுந்து உக்காந்துட்டேன்."

"சரி, என் வண்டி?"

"அது நான் பண்ணின தப்பு. ஷாஃப்டைக் கழட்டுறப்போ எந்தப் பக்கம் எதோட சேரணும்னு பெயிண்டால ஒரு கோடு போட்டிருந்தேன். அப்புறம் அது அழுக்குன்னு நினைச்சு நானே துடைச்சுத் தொலைச்சேன். அரைச் சுத்து மாறி பூட்டியிருக்கு. அதான் அந்த உதறல்."

ஷாஃப்டைத் திருப்பிப் பூட்டினார். கெட்டி ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு மெத்தென்ற புது ரப்பரை மாட்டினார். பின்சக்கரம் இரண்டையும் பேலன்ஸ் பார்த்தார். தனியாக ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மேடம், தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு."

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. சாயங்காலம் கிடங்கு ரோட்டில் எண்பது போனாள், நூறு போனாள். ஒரு நடுக்கம் இல்லை. ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமின. இருபத்தெட்டு வயதில் கேட்ட அதே உறுமல். காதம்மா ஸ்டீயரிங்கைச் செல்லமாகத் தடவிக்கொடுத்தாள். இதையா ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார்கள்? ஒரு தட்டு தட்டி, நான்காவது கியருக்கு மாற்றினாள்.

டொக்.

பன்னிரண்டு தடவை.

வீடு திரும்பும் வழியில் ஷெட்டில் நிறுத்தினாள். நூலகர் டிக்கிக்குள்ளேயே கிடந்தார். அவர் இறங்கவுமில்லை, இவள் இறங்கச் சொல்லவுமில்லை.

"அண்ணே, நிக்கலை."

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் தனியா ஓட்டினா வரல. சார் பின்னாடி படுத்தா வருது. பாரம் ஏறினா வண்டி பின்னாடி அமுங்கும், ஷாஃப்டோட கோணம் மாறும். வேற எனக்கு எதுவும் தோணல. நாளைக்கு மட்டும் சாரை விட்டுட்டுப் போயிடுங்களேன்?"

"அவர்தான் சாட்சி. சாட்சி இல்லாம ஜெயிச்சா அது ஜெயிப்பா? திருட்டு ஜெயிப்பு எனக்கு வேண்டாம்."

"அப்போ தோத்துடுவீங்களே மேடம்."

"தோத்தாலும் நேரா நின்னு தோக்குறேன்."

அன்று ராத்திரி அவள் எந்த அட்டையும் எழுதவில்லை. அவரும் பன்னிரண்டு என்று எழுதிவிட்டு, என்ன நினைத்தாரோ, ஒட்டாமல் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பல் டாக்டர் வந்துவிட்டார். ஆறடிக்கு மேல் உயரம், மெல்லிய குரல். வண்டியைச் சுற்றி வந்து, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டுப் பார்த்து, "நல்லா பராமரிச்சிருக்கீங்க. ஈறு சுத்தமா இருக்கு," என்றார்.

"டாக்டர், வண்டியை ஓட்டப்போறது அவங்கதான்னு அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார் நூலகர்.

"டாக்டர், அது எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள் காதம்மா.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இங்கதானே நிக்கிறீங்க?"

நூலகர் தலையணையை எடுத்துக்கொண்டு டிக்கிக்குள் ஏறிப் படுத்தார்.

"சார் எங்க போறாரு?"

"அவர் சாட்சி," என்று சொல்லி காதம்மா டிக்கியை மூடினாள். "முன் சீட்டு இல்ல. நீங்க பின்னாடிதான் உக்காரணும். கால் கொஞ்சம் இடிக்கும்."

கொஞ்சமா இடித்தது? டாக்டரின் முழங்கால் இரண்டும் அவர் காதுக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டன. அந்த நிலையிலும் மனுஷன் புன்சிரிப்போடு, "போகலாம்," என்றார்.

காதம்மா அன்றைக்கு ஓட்டினாளே, அதைப் பார்த்திருக்க வேண்டும். இதுதான் கடைசித் தடவை என்றால் இதுதான் நான் என்று காட்டுகிற மாதிரி ஓட்டினாள். வளைவில் வண்டி ரோட்டைக் கட்டிக்கொண்டு திரும்பியது. நீண்ட ரோட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. ஒவ்வொரு கியருக்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் பின்னாலிருந்து ஒரு டொக். ஏழு, எட்டு, ஒன்பது. அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. முகத்தையும் சுளிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, அதைத் துடைக்கக் கையை எடுத்தால் தோற்றதாகிவிடும் என்று ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டோடு வீட்டு வாசல் வந்தது.

இன்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்தாள்.

"டாக்டர், சத்தத்தோட எடுத்துக்கறேன்னு சொன்னீங்களாம். நீங்களே கேட்டீங்க, இருக்கு. சொன்ன வாக்கை நான் மீற மாட்டேன், இந்தாங்க சாவி. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. இது வயசானதால வந்த சத்தமில்ல. இந்த வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. ஒதுங்கிப் போற வண்டியும் இல்ல, ஒதுங்கிப் போற ஆளும் நான் இல்ல!"

கடைசி வார்த்தைக்கு, கையிலிருந்த சாவியால் கியர் பெட்டியின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

பின்னாலிருந்து வந்தது: டொக்.

காதம்மா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். அணைந்து கிடந்த இன்ஜினைப் பார்த்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது. மெதுவாகத் திரும்பி, பின் சீட்டில் மூன்றாக மடிந்து கிடந்த டாக்டரைப் பார்த்தாள்.

"நானும் வழியெல்லாம் எண்ணிக்கிட்டுதான் மேடம் வந்தேன்," என்றார் டாக்டர், அந்த மெல்லிய குரலில், "முன்னாடி நீங்க ஒண்ணு தட்டுறீங்க, அதை வண்டிச் சத்தம்னு நினைச்சு டிக்கிக்குள்ளேருந்து சார் ஒண்ணு தட்டுறாரு, வண்டி வாயே திறக்கல, பேசிக்கிட்டு வர்றது நீங்க ரெண்டு பேரும்தான்!"